அத்தியாயம் 5: நிலை நின்றால் பூட்டு நிற்கும்

தேனி மாவட்டத்தில், அதிலும் கம்பம் பள்ளத்தாக்கில், பகல் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஏராளம். விடியும் முன்பே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் பொழுது சாயத்தான் வீடு திரும்புகிறார்கள். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா வந்தால் குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறோம். பிள்ளைகள் வெளியூரில் குடியேறிய வீடுகளில் பெரியவர்கள் மாதக்கணக்கில் அங்கே போய் இருந்துவிட்டு வருகிறார்கள். அத்தனை நேரமும் நகை, நிலப் பத்திரம், பீரோவில் இருக்கும் கூலிப் பணம் எல்லாவற்றுக்கும் ஒரே காவல் வாசல் கதவுதான்.

அந்தக் கதவுக்கு நாம் செய்யும் செலவு பெரும்பாலும் பூட்டோடு முடிந்துவிடுகிறது. "நல்ல பூட்டா கொடுங்கண்ணே" என்று கடையில் கேட்டு, கையில் வாங்கிக் கனம் பார்த்து, சாவியைப் போட்டு இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்து வாங்கி வருகிறோம். கனமான பூட்டு நல்லதுதான். ஆனால் உடைக்க வருகிறவன் பெரும்பாலும் பூட்டைத் திறக்க மெனக்கெடுவதில்லை. பூட்டைப் பிடித்திருக்கும் இரும்பையும், இரும்பைப் பிடித்திருக்கும் மரத்தையும், மரத்தைப் பிடித்திருக்கும் சுவரையும் சோதிக்கிறான். அதனால் இந்த அத்தியாயம் சுவரில் தொடங்கிப் பூட்டில் முடிகிறது. உங்கள் செலவிலும் பூட்டு கடைசியாகவே வரட்டும்.

கதவு எங்கே விட்டுக்கொடுக்கிறது

பூட்டிய கதவைப் பலவந்தமாகத் திறக்கப் பெரும்பாலும் இரண்டு வழிகள்தான். ஒன்று நெம்புவது, மற்றது உதைப்பது.

நெம்புவதன் பலத்தை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். நட்டுவைத்த கம்பியில் தேங்காய் உரிக்கிறவரைப் பாருங்கள். கையால் பிய்க்க முடியாத மட்டை ஒரு திருப்பலில் கழன்று வருகிறது. கடப்பாரையும் அதே கணக்குதான். 75 செ.மீ. நீளக் கம்பியின் நுனியில் 2.5 செ.மீ. அளவுக்கு இடுக்கில் நுழைத்துவிட்டால், கைப்பிடியில் கொடுக்கும் விசை நுனியில் 30 மடங்காகிறது. ஒருவர் 40 கிலோ அளவுக்கு இழுத்தால் நாதாங்கியின் மேல் 1,200 கிலோ பளு விழுகிறது. ஒரு இஞ்ச் திருகாணி இரண்டு அதற்கு முன்னால் நிற்காது.

உதை வேறு மாதிரி. நம் வாசல் கதவுகள் உள்பக்கம் திறப்பவை. வெளியிலிருந்து உதைத்தால் அந்த அதிர்ச்சி முழுவதையும் ஒரு பக்கம் கீல்களும் மறுபக்கம் பூட்டின் நாக்கும் தாங்க வேண்டும். நாக்கு எஃகு, அது வளையாது. அது நுழைந்திருக்கும் குழியின் ஓரத்து மரம் பிளக்கிறது. உடைபட்ட கதவுகளில் பூட்டு முழுசாக இருக்க, நிலையின் ஓரம் மட்டும் சிம்பு சிம்பாகக் கிழிந்திருப்பது இதனால்தான்.

ஐரோப்பாவில் கதவின் வலுவை அளக்க ஈஎன் 1627 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அதில் பூட்டைத் தனியாகச் சோதிப்பதில்லை. கதவு, நிலை, கீல், பூட்டு எல்லாவற்றையும் வீட்டில் இருப்பதுபோலவே பொருத்தி, ஆளை விட்டு உடைக்கச் சொல்கிறார்கள். ஆர்சி 2 என்ற வகுப்புக் கதவு, ஸ்குரூ டிரைவர், குறடு, ஆப்பு போன்ற சிறு கருவிகளுக்கு 3 நிமிடம் தாங்க வேண்டும். ஆர்சி 3 என்றால் கடப்பாரையும் சேர்த்து 5 நிமிடம். உலகில் மிகக் கவனமாகச் செய்யப்பட்ட வீட்டுக் கதவுகளுக்கே கணக்கு நிமிடங்களில்தான். உடைக்கவே முடியாத கதவு என்று ஒன்று கிடையாது. உடைக்க ஆகும் நேரத்தையும் எழும் சத்தத்தையும் கூட்டுவதுதான் நம் வேலை. பக்கத்து வீட்டு விளக்கு எரியும்வரை கதவு தாங்கினால் அது தன் கடமையைச் செய்துவிட்டது.

நம் நாட்டில் இந்திய தர நிர்ணய அமைப்பு தனித்தனிப் பொருளுக்குத் தரம் வகுத்திருக்கிறது. தொங்கு பூட்டுக்கு ஐஎஸ் 275, தொங்கு பூட்டு மாட்டும் இழுப்புத் தாழ்ப்பாளான ஆல்ட்ராப்புக்கு ஐஎஸ் 281, மர நிலைக்கு ஐஎஸ் 4021, கட்டையடைப்புள்ள பிளஷ் கதவுக்கு ஐஎஸ் 2202. ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குவது முதல் படி. அவற்றைச் சரியாகச் சேர்த்துப் பொருத்துவது ஆசாரி கையிலும் உங்கள் மேற்பார்வையிலும் இருக்கிறது.

நிலையும் சுவரும்

பழைய முறையில் நல்ல நாள் பார்த்து நிலை வைத்து, அதன் பிறகுதான் கொத்தனார் சுவரை எழுப்புவார். அதில் ஒரு பெரிய நன்மை இருந்தது. நிலையின் முதுகில் அடித்த ஹோல்ட் பாஸ்ட் என்னும் தட்டைக் கம்பி செங்கல் வரிசைக்குள் கிடந்து, அதைச் சுற்றிக் கான்கிரீட் போடப்படும். அரசுக் கட்டடங்களுக்கான மத்தியப் பொதுப்பணித் துறையின் அளவு 40 மி.மீ. அகலம், 5 மி.மீ. கனம், 40 செ.மீ. நீளம். அதைச் சுற்றி 30 செ.மீ. நீளமுள்ள 1:3:6 கலவைக் கான்கிரீட் கட்டி. பக்கத்துக்கு மூன்று என்று ஆறு வைத்தால், நிலையை அசைக்கச் சுவரையே அசைக்க வேண்டும்.

இப்போது பல வீடுகளில் சுவரை முடித்துவிட்டு, திறப்பில் நிலையைச் செருகி, இடுக்கில் கலவையை அடைத்துப் பூசிவிடுகிறார்கள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்த நிலையைப் பிடித்திருப்பது பூச்சு மட்டுமே.

உங்கள் வீட்டு நிலை எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். கதவைத் திறந்துவிட்டு, நிலையின் நடு உயரத்தில் தோளைக் கொடுத்து ஓங்கித் தள்ளுங்கள். இன்னொருவர் நிலையும் பூச்சும் சேரும் கோட்டில் விரல் வைத்துப் பார்க்கட்டும். அசைவு தெரிந்தாலோ, மேலிருந்து கீழ்வரை மயிரிழை விரிசல் ஓடியிருந்தாலோ, தட்டும்போது பொத்தென்று காலிச் சத்தம் வந்தாலோ நிலைக்குப் பிடிமானம் இல்லை.

சரிசெய்ய நிலையைப் பிடுங்க வேண்டியதில்லை. நிலைக்குள் துளையிட்டுச் சுவருக்குள் இறங்கும் 10 மி.மீ. ஆங்கர் போல்ட்டுகளைப் பக்கத்துக்கு மூன்று வீதம் போடலாம். மூன்று இஞ்ச் நிலை என்றால் போல்ட் ஆறு இஞ்ச் நீளமாவது இருக்க வேண்டும். பாதி மரத்தில், பாதி செங்கல்லில். கீல் உயரத்திலும் பூட்டு உயரத்திலும் ஒவ்வொன்று கட்டாயம். துளை செங்கல்லின் நடுவில் விழட்டும், கலவைச் சந்தில் விழுந்தால் பிடிக்காது. தலையை மரத்துக்குள் அமிழ்த்தி, மேலே மரக்குச்சி அடைத்துத் தேய்த்துவிட்டால் வெளியே தெரியாது.

இரண்டு வகைச் சுவர்களுக்கு இந்த முறை அப்படியே ஒத்துவராது. மண் சாந்தில் கட்டிய பழைய கல் சுவரிலும் செங்கல் சுவரிலும் ஆங்கர் விரிந்தால் மண்தான் உதிரும். அங்கே பூட்டு உயரத்திலும் கீல் உயரங்களிலும் சுவரை ஒரு சாண் கொத்தி எடுத்து, ஹோல்ட் பாஸ்ட்டை நிலையில் திருகி, குழியைக் கான்கிரீட்டால் நிரப்ப வேண்டும். ஹாலோ பிளாக் சுவரில் நிலையை ஒட்டிய கட்டிகளின் ஓட்டைகளை முதலில் கான்கிரீட் ஊற்றி அடைத்துவிட்டு, இறுகிய பிறகு துளையிடச் சொல்லுங்கள்.

அடுத்தது மரம். தேக்கு, வேங்கை, கோங்கு, வேம்பு என்று எதில் செய்தாலும் வைரம் பாய்ந்த பகுதியில் நிலை அறுத்திருக்கிறார்களா என்பதுதான் முக்கியம். தேக்கே ஆனாலும் வெளுத்த புற மரம் திருகாணியை இறுகப் பிடிக்காது. கரையானுக்கும் அதுதான் பிடிக்கும். நிலையின் பாதத்தைத் தனியாகப் பாருங்கள். தினமும் வாசல் தெளிக்கிறோம், வெள்ளி செவ்வாயில் கழுவிவிடுகிறோம். அந்த ஈரம் ஏறி, தரையோடு சேரும் அரை அடி மரம் முதலில் கெடுகிறது. ஸ்குரூ டிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் பாதம் உளுத்துவிட்டது. கெட்ட பாகத்தை அறுத்தெடுத்து, வைர மரத் துண்டைக் கூர் செதுக்கி ஒட்டுப்போடுவது நல்ல ஆசாரிக்கு அரை நாள் வேலை.

நாதாங்கியும் திருகாணியும்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் செயல்படுத்த முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் இங்கேதான்.

கதவைத் திறந்து, பூட்டின் நாக்கு நுழையும் குழியைக் கூர்ந்து பாருங்கள். 35 மி.மீ. கனக் கதவின் நடுவில் நாக்கு இருக்கும். அது 12 மி.மீ. கனம் என்றால், குழிக்கும் நிலையின் உள்முகத்துக்கும் நடுவில் மிஞ்சும் மரம் 11, 12 மி.மீ. விரல் கனம்கூட இல்லாத இந்தப் பட்டைதான் உதையின் முழு அதிர்ச்சியையும் வாங்குகிறது. மரம் நார் ஓடும் திசையிலேயே பிளக்கும் என்பதால் ஒரு இடத்தில் விரிசல் விழுந்தால் அது மேலும் கீழும் ஓடிவிடும். அதன் மேல் கிடப்பது பூட்டுப் பெட்டியோடு வந்த மெல்லிய நாதாங்கித் தகடு, அதைப் பிடித்திருப்பது இரண்டு சின்னத் திருகாணி.

மாற்று வழி எளிது. வெல்டிங் பட்டறையில் 5 மி.மீ. கனமுள்ள தட்டைக் கம்பியில் ஒரு அடிக்குக் குறையாத நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டச் சொல்லுங்கள். நாக்கு நுழைய நடுவில் ஒரு திறப்பு, திருகாணிக்கு ஆறு துளைகள். துளைகள் ஒரே நேர்கோட்டில் இருந்தால் மரம் அந்தக் கோட்டிலேயே பிளக்கும். ஆகவே ஒன்று இடம், ஒன்று வலம் என்று மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். பட்டையின் ஓரத்தை எல் வடிவில் மடித்து, நிலையின் உள்முகத்தையும் அது அணைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அந்த மெல்லிய மரப்பட்டை பிளக்க வழியே இருக்காது.

திருகாணி மூன்று இஞ்ச் இருக்க வேண்டும். அதை முடுக்கும் முறை நீளத்தைவிட முக்கியம். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று திருகாணியைச் சுத்தியலால் அடித்து இறக்கி, கடைசி இரண்டு சுற்றை மட்டும் திருகும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. அடித்து இறக்கிய திருகாணியின் மரைகள் மரத்தைக் கடித்திருக்காது, கிழித்திருக்கும். வெளியே தலை அழுத்தமாக உட்கார்ந்திருக்கும், உள்ளே பிடிப்பு இருக்காது. முதலில் திருகாணித் தண்டின் கனத்துக்குச் சற்றுக் குறைவாக வழித்துளை போட்டு, மரையில் கொஞ்சம் மெழுகோ சோப்போ தடவி, முழு நீளத்தையும் திருகியே இறக்க வேண்டும். இதைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். "ஆசாரி அண்ணே, இந்த நாதாங்கிக்கு மட்டும் வழித்துளை போட்டு மூணு இஞ்ச் திருகாணியா முழுசும் திருகிருங்க. நேரம் ஆனாலும் பரவால்ல, அதுக்குச் சேத்துத் தர்றேன்" என்று சொன்னால் எந்த நல்ல ஆசாரியும் மறுக்க மாட்டார்.

கீல்களுக்கும் இதே விதி. வாசல் கதவுக்கு நான்கு கீல், மற்றவற்றுக்கு மூன்று. ஒவ்வொரு கீலிலும் இரண்டு திருகாணிகளையாவது நிலையின் உள்மரம்வரை போகும் நீளத்தில் மாற்றுங்கள். பூட்டுப் பக்கத்தை வலுப்படுத்திவிட்டுக் கீல் பக்கத்தை விட்டுவிட்டால் உதை அந்தப் பக்கம் வேலை செய்யும்.

கதவுப் பலகை

வாசலுக்கு வைக்கும் கதவு ஒன்றேகால் இஞ்சுக்குக் குறையக் கூடாது, ஒன்றரை இஞ்ச் நல்லது. சட்டத்துக்குள் பலகை செருகிய கதவில் பலகையின் கனத்தைக் கேளுங்கள். சட்டம் ஒன்றரை இஞ்ச் இருந்து, நடுப் பலகை வெறும் அரை இஞ்ச் என்றால் பூட்டைத் தொடாமலே பலகையை உடைத்துக் கைவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்துவிடலாம். பிளஷ் கதவு வாங்கினால் உள்ளே கட்டை அடைத்தது வேண்டும். நடுவில் கூடாக இருக்கும் கதவு அறைகளுக்கு மட்டுமே.

கதவுக்குள் பதிக்கும் மார்டைஸ் பூட்டு போடும்போது ஒரு இழப்பு நேர்கிறது. 35 மி.மீ. கதவில் பூட்டுப் பெட்டிக்காக 20 மி.மீ. அகலத்துக்குக் குடைந்தால் இரண்டு பக்கமும் மிஞ்சும் மரம் ஏழரை மி.மீ. வீதம்தான். வீட்டிலேயே வலுவாக இருக்க வேண்டிய இடத்தை நாமே பலவீனமாக்கிவிடுகிறோம். அதற்குப் பரிகாரமாகப் பூட்டு இருக்கும் இடத்தில் கதவின் இரு முகத்தையும் விளிம்பையும் சேர்த்து அணைக்கும் பித்தளை அல்லது ஸ்டீல் கவசத் தகடு போடுங்கள். புதுக் கதவு என்றால் பூட்டு வரும் சட்டத்தை 40 மி.மீ.க்கு மேல் வைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

நம் பள்ளத்தாக்குக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஆனி, ஆடியில் மலைக் கணவாய் வழியாக வரும் காற்றும் சாரலும் மரத்தை ஊற வைக்கின்றன. கதவு உப்பிக்கொண்டு மூட மறுக்கிறது. உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இழைப்புளி போட்டு ஓரத்தைச் சீவிவிடுகிறோம். பங்குனி, சித்திரை வெயிலில் அதே கதவு காய்ந்து சுருங்கும்போது கதவுக்கும் நிலைக்கும் நடுவில் இடைவெளி விழுகிறது. 3 மி.மீ. இடைவெளி இருந்தால் சரி. 6, 7 மி.மீ. ஆனால் கடப்பாரை நுனிக்கு வாசல் திறந்துவைத்த மாதிரி. அதுவும் திருவிழாவுக்கும் கோடை விடுமுறைக்கும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும் மாதங்களில். எனவே மழை நாளில் அவசரப்பட்டுச் சீவ வேண்டாம். கதவின் ஆறு முகங்களுக்கும், முக்கியமாக யாரும் பெயின்ட் அடிக்காத தலைப்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும், வார்னிஷோ பெயின்ட்டோ அடித்தால் ஈரம் ஏறுவது பெரிதும் குறையும். ஏற்கெனவே இடைவெளி விழுந்திருந்தால் பூட்டுப் பக்க ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை வெளிப்புறமாக ஒரு எல் வடிவ இரும்புப் பட்டையை நிலையில் அடித்து இடுக்கை மறையுங்கள்.

ஆடிக்காற்று இன்னொன்றும் செய்கிறது. படபடவென்று அடித்துக்கொள்ளும் கதவில் கீல் திருகாணிகள் வருடத்துக்கு வருடம் தளர்கின்றன. காற்று ஓய்ந்ததும், ஆவணியில் ஒரு நாள், எல்லாத் திருகாணிகளையும் ஒரு முறை முடுக்கிவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இனி பூட்டு

பூட்டுக்குப் பேர்போன ஊர் நமக்குப் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. கையால் செய்யப்படும் திண்டுக்கல் பூட்டுக்கு 2019 ஆகஸ்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு போன்ற அதன் வகைகள் வீட்டிலிருந்து கோயில் வரை காவல் காக்கின்றன. அதன் உயிர் லீவரில் இருக்கிறது. பூட்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தகடுகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு உயரத்தில் ஒரு வெட்டு. சரியான சாவி திரும்பும்போது ஒவ்வொரு லீவரும் அதனதன் உயரத்துக்கு மட்டும் எழும்பி, வெட்டுகள் எல்லாம் ஒரே கோட்டில் வரும். அப்போதுதான் நாக்கு நகரும். ஒரு லீவர் கூடுதலாக எழும்பினாலும் குறைந்தாலும் பூட்டு அசையாது. எழும்பினால் மட்டும் போதாது, அளவாக எழும்ப வேண்டும் என்ற இந்த அமைப்புக்கு 1778-இல் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் காப்புரிமை பெற்றார். திண்டுக்கல் கைவினைஞர் அதே தத்துவத்தை அரம் பிடித்து, ஒவ்வொரு பூட்டுக்கும் தனித்தனியாக ராவி எடுக்கிறார். பம்பாயில் 1897-இல் பூட்டுத் தொழில் தொடங்கிய கோத்ரெஜின் ஆலைத் தயாரிப்புகளும், மலிவாக வந்து குவியும் மற்ற பூட்டுகளும் சந்தையைப் பிடித்துவிட்ட காலத்தில், நல்ல திண்டுக்கல் பூட்டைக் கேட்டு வாங்குவது உங்கள் வாசலுக்கும் நல்லது, அந்தக் கைத்தொழிலுக்கும் நல்லது.

லீவர் எண்ணிக்கை கள்ளச்சாவிக்கு எதிரான காப்பு. கடப்பாரைக்கு எதிராக வேறு மூன்றைப் பார்க்க வேண்டும்.

- வளையத்தின் கனம்: 10 மி.மீ.க்குக் குறையாமல், கடினமாக்கிய எஃகில். வளையத்தின் ஒரு காலை மட்டும் பிடிக்கும் பூட்டைவிட, இரண்டு காலையும் பிடிக்கும் பூட்டு நெம்பலுக்கு நன்றாகத் தாங்கும்.
- வெளியே தெரியும் நீளம்: நாதாங்கியில் மாட்டிய பிறகு வளையத்தில் விரல் நுழையும் இடம் இருந்தால் கம்பியும் நுழையும். இடம் அதிகம் விடாத அளவில் பூட்டைத் தேர்ந்தெடுங்கள்.
- நாதாங்கியின் கனம்: பூட்டின் வளையம் 10 மி.மீ., நாதாங்கி 5 மி.மீ. என்றால் உங்கள் கதவின் வலு 5 மி.மீ. தான்.

ஆல்ட்ராப் நம் ஊரில் மிகப் பரவலானது. அதைப் பெரும்பாலும் வெளியிலிருந்து வெறும் திருகாணியால் பொருத்திவிடுகிறார்கள். திருகாணித் தலை வெளியே தெரிந்தால் யாரும் கழற்றலாம், நெம்பினால் பிய்ந்தும் வந்துவிடும். கதவை ஊடுருவிப் போகும் போல்ட் போடுங்கள். வெளியே வழுக்கைத் தலை, உள்ளே அகன்ற வாஷரும் நட்டும். முடுக்கிய பிறகு நுனியைச் சுத்தியலால் தட்டி மழுக்கிவிட்டால் நட்டு தளராது.

தொங்கு பூட்டில் ஒரு குறை நிரந்தரமானது. வீட்டில் ஆள் இல்லை என்பதை அது தெருவுக்கே சொல்லிவிடுகிறது. முடிந்தவர்கள் கதவுக்குள் பதித்த மார்டைஸ் பூட்டுக்கு மாறலாம். அதில் சாய்ந்த முனையுள்ள ஸ்பிரிங் நாக்கு கதவைச் சாத்தி வைக்க மட்டுமே. சாவியைத் திருப்பி, சதுர நாக்கு முழுவதும் வெளியே வந்தால்தான் பூட்டியதாகக் கணக்கு. இரண்டு சுற்று பூட்டில் இரண்டு சுற்றும் திருப்புங்கள். சிலிண்டர் வகையில் சிலிண்டரின் முனை தகட்டைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, 3 மி.மீ.க்கு மேல் நீட்டினால் பிடித்து முறிக்க இடம் கொடுக்கும். விரல் ரேகைப் பூட்டு, எண் பூட்டு எல்லாம் சாவியின் வேலையைத்தான் மாற்றுகின்றன. அவற்றின் நாக்கும் அதே மரக்குழிக்குள்தான் போகிறது.

மறந்துபோகும் வாசல்கள்

வாசல் கதவை வலுப்படுத்திவிட்டால் வருகிறவன் வீட்டைச் சுற்றிப் பார்ப்பான்.

மொட்டை மாடிக் கதவு: பல வீடுகளில் இதுதான் இருப்பதிலேயே மெலிந்த கதவு. தகரமோ மலிவுப் பிளைவுட்டோ, வெயிலும் மழையும் பட்டு இற்றுப்போயிருக்கும். பக்கத்து மாடியிலிருந்து தாண்டி வரலாம். மேலே என்ன நடந்தாலும் தெருவுக்குத் தெரியாது. வாசல் கதவுக்குச் சமமாக இதற்கும் செலவிடுங்கள். வெளிப்பக்கம் திறக்கும் கதவானால் கீல் வெளியே இருக்கும், அதன் ஊசியை உருவிவிட முடியும். கீல் பக்கக் கதவு விளிம்பில் இரண்டு தடித்த எஃகு முளைகளைப் பதித்து, கதவு மூடும்போது அவை நிலைக்குள் நுழையும்படி துளை போட்டால், ஊசியை உருவினாலும் கதவு கழன்று வராது.

கொல்லைக் கதவு: உள்பக்கம் மேலும் கீழும் இரண்டு தாழ்ப்பாள், நடுவில் குறுக்குக் கட்டை. அந்தக் காலத்துக் கோட்டைக் கதவுகளுக்குப் பின்னால் கணையமரம் போட்டதும், பழைய வீடுகளில் சுவரின் இரு பக்கமும் குழி விட்டுக் கட்டை செருகியதும் மிகச் சரியான முறை. பளு முழுவதும் சுவருக்குப் போய்விடுகிறது. இன்று சுவரில் ஆங்கர் போல்ட் போட்டு இரண்டு இரும்புக் கொக்கி பொருத்தி, இரண்டு இஞ்ச் இரும்புக் குழாயைக் குறுக்கே வைத்தால் அதே பலன்.

கிரில் கேட்: மேல்நோக்கித் தூக்கினால் கீலிலிருந்து கழன்று வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மேல் கீலுக்கு மேலே ஒரு துண்டுக் கம்பியை வெல்டு வைத்துத் தடுங்கள். பூட்டைச் சுற்றி அடிப்பக்கம் மட்டும் கை நுழையும்படி பெட்டி வைத்தால் கட்டரும் கடப்பாரையும் நுழையாது.

கடை, கிட்டங்கி ஷட்டர்: போடியிலும் கம்பத்திலும் ஏலக்காய் மூட்டை வைத்திருக்கும் அறைக்கு இது முக்கியம். சின்ன மூட்டையிலேயே பெரிய தொகை அடங்கும் பொருள் அது. நடுவில் மட்டும் பூட்டினால் ஓரத்தை நெம்பித் தூக்கலாம். இரு ஓரத்திலும் தரையில் கான்கிரீட்டில் பதித்த கொண்டி வைத்துப் பூட்டுங்கள்.

தோட்டத்து மோட்டார் ரூம்: காதுக்கெட்டிய தூரத்தில் ஆளில்லாத இடத்தில் மரக்கதவு நேரத்தை வாங்கித் தராது. இரும்புச் சட்டத்தில் தகடு அடித்த கதவு, சுவருக்குள் பதித்த இரும்பு நிலை, பெட்டிக்குள் பூட்டு. நகை, பணம், பத்திரம் எதையும் அங்கே வைக்க வேண்டாம்.

உள்ளே இருப்பவர் வெளியே வர வேண்டும்

வெளியாளைத் தடுக்கும் கதவு, தீப்பிடித்தால் உள்ளே இருப்பவரையும் தடுத்துவிடக் கூடாது. இரவில் தூங்கும்போது வாசல் கதவு உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும்படி இருக்க வேண்டும். இருபக்கமும் சாவி போடும் பூட்டு என்றால் சாவி எப்போதும் ஒரே ஆணியில் தொங்கட்டும், வீட்டில் எல்லோருக்கும் அந்த இடம் தெரியட்டும். குறுக்குக் கட்டையை அப்பத்தாவோ பத்து வயதுப் பேத்தியோ இருட்டில் எடுக்க முடிகிறதா என்று ஒரு நாள் செய்து பாருங்கள். முடியவில்லை என்றால் கட்டையின் கனத்தைக் குறையுங்கள். பாட்டரியில் இயங்கும் பூட்டுக்கு மாற்றுச் சாவியைக் கையோடு வைத்திருங்கள்.

ஊருக்குக் கிளம்பும் முன்பும், ஏதேனும் நடந்த பின்பும்

வெளியேறும் கதவு ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்; அது தெருவைப் பார்த்த, வீட்டிலேயே வலுவான கதவாக இருக்கட்டும். மற்ற எல்லாக் கதவுகளையும் உள்ளிருந்து தாழிட்டுக் கட்டை போட்டுவிட்டுக் கிளம்புங்கள். சில நாள் வெளியூர்ப் பயணம் என்றால் காவல் நிலையத்தில் தெரிவியுங்கள், இரவு ரோந்து வருகிறவர்கள் உங்கள் தெருவையும் பார்த்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி வாசல் தெளித்துக் கோலம் போடச் செய்தால் அதைவிட நல்ல காவல் கிடையாது. கடப்பாரை, மண்வெட்டி, ஏணி எதையும் முற்றத்தில் விட்டுப் போகாதீர்கள்.

திரும்பி வரும்போது கதவு உடைந்திருந்தால் உள்ளே போகாதீர்கள். 100 அல்லது 112-க்குப் பேசுங்கள். கைரேகை எடுக்கும்வரை எதையும் தொட வேண்டாம். வீட்டுப் பொருளுக்குக் காப்பீடு எடுத்திருந்தால், காப்பீட்டு நிறுவனத்தார் பலவந்தமாகப் புகுந்த அடையாளத்தைக் கேட்பார்கள். உடைந்த நிலை, நாதாங்கி, பூட்டு எல்லாவற்றையும் படம் எடுத்து, அவர்கள் பார்த்து முடிக்கும்வரை பத்திரமாக வையுங்கள்.

செலவின் வரிசை

ஒரே மாதத்தில் எல்லாம் செய்ய முடியாது. கூலி வருமானத்தில் வீடு கட்டியவர்களுக்கு இந்த வரிசை உதவும்.

1. எல்லா நாதாங்கி, கீல்களிலும் நீளத் திருகாணி. ஒரு நாள் கூலியும் ஒரு பெட்டித் திருகாணியும்.
2. நாக்குக் குழிக்கு 5 மி.மீ. பட்டை, ஆல்ட்ராப்புக்கு ஊடுருவும் போல்ட்.
3. நிலைக்கு ஆங்கர் போல்ட். உளுத்த பாதத்துக்கு ஒட்டு.
4. மாடிக் கதவுக்கும் கொல்லைக் கதவுக்கும் குறுக்குக் கட்டை.
5. இடுக்கை மறைக்கும் எல் பட்டை, கதவின் ஆறு முகத்துக்கும் பெயின்ட்.
6. கடைசியாக, நல்ல பூட்டு.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். நிலை வைக்கும் நாளில் மஞ்சள் குங்குமத்தோடு நிலையின் முதுகையும் பாருங்கள். ஆறு ஹோல்ட் பாஸ்ட்டும் அடித்திருக்கிறதா என்று எண்ணுங்கள். அவற்றைச் சுற்றிக் கான்கிரீட் போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். பூசி முடித்த பிறகு அந்த இடத்தை யாரும் பார்க்க முடியாது; அடுத்த ஐம்பது வருடம் உங்கள் குடும்பம் நம்பி இருக்கப்போவது அதைத்தான்.